கோணேஸ்வரி டீச்சருக்கு நப்லா செய்த கிளிகள்

ஜமாலியாவில் கேக் அடிக்கும் நப்லாவைத் தெரியாத ஒருவர் திருகோணமலையில் இருந்தால், அவருக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்ற எல்லோரும் ஒரு தடவையாவது அவள் வீட்டுப் படலையடியில் கேக் பெட்டிக்காக நின்றிருப்பார்கள். அந்தப் பெட்டிகளை ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்பது தவராசாவாகிய என்னுடைய ஓட்டோ. ஆகவே இது கேள்விப்பட்ட கதை இல்லை. கேள்விப்பட்ட கதைகளும் என்னிடம் நிறைய உண்டு, அவை வேறு.

நப்லா மூதூரில் பிறந்தவள். சண்டைப் பிரச்சினை நேரம் ஊரே கிளம்பிக் கந்தளாய்ப் பக்கம் போனபோது அவளும் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் மிஞ்சியிருந்தது கதவில்லாத ஒரு அலுமாரி. பிறகு முனாஸைக் கட்டி ஜமாலியாவுக்கு வந்தாள். முனாஸுக்குச் சீனன்குடாவில் காவல் வேலை. நல்ல மனுசன். ஆனால் அவன் வாயைத் திறப்பது கொட்டாவி விடத்தான். வீட்டில் பேச ஆளில்லாமல்தான் நப்லா கேக் அடிக்கப் பழகினாள் என்று ஒரு கதை உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான் இல்லை.

ஒரு ஹோட்டலில் கழித்துவிட்ட கேக் அடுப்பு ஒன்றை முனாஸ் எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தான். போனில் பார்த்துப் பார்த்து நப்லா பழகினாள். முதல் கேக் செங்கல் மாதிரி இருந்தது; நான் தின்றவன், சொல்ல உரிமை உண்டு. ஆனால் சில வருசத்தில் ஜமாலியாவில் அவள் கேக் இல்லாமல் ஒரு கலியாணமும் நடக்காத அளவுக்கு வந்துவிட்டாள். தமிழ் வீடுகளுக்குள்தான் போக முடியவில்லை. முட்டை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் வீட்டில் முட்டை தொட்ட சட்டியே ஆகாது.

அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் கோணேஸ்வரி டீச்சர். ஓர்ஸ் ஹில்லில் தனியாக இருக்கிறார். பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவர். பள்ளிக்கூடத்து விழாவுக்கு முட்டையில்லாத கேக் வேண்டும் என்று ஒருநாள் என் ஓட்டோவில் ஏறி நேரே நப்லாவின் குசினிக்குள் வந்து நின்றார்.

"முட்டை அடிக்கிற சட்டியிலயோ எனக்கும் அடிப்பீர்?"

"நல்லாக் கழுவிப்போட்டுத்தான் டீச்சர்."

டீச்சர் சட்டியை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து ஓட்டோவில் ஏறிவிட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் பின்னால் நின்று நாலு சொல்லுச் சொல்லியிருப்பாள். நப்லா புதுச் சட்டி, புதுத் தட்டுகள், புது அடிப்பான் எல்லாம் வாங்கினாள். குசினி மூலையில் ஒரு அலுமாரித் தட்டை ஒதுக்கிப் பச்சைச் சீலை போட்டு மூடினாள். அந்தச் சீலைக்குள் முட்டை தொட்ட ஒரு கரண்டியும் போகக்கூடாது. முனாஸ் ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையை அங்கே வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு டீச்சர் திரும்ப வந்தார், திரும்ப மணந்தார், கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் மற்றத் தமிழ் வீடுகள் வந்தன. பூப்புனித நீராட்டு விழா, அறுபதாம் கலியாணம், கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுப் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் நப்லாவின் கேக். அந்தச் சனம் நம்பியது நப்லாவின் கையை அல்ல, டீச்சரின் மூக்கை. நப்லாவுக்கும் அது தெரியும். அந்த மூக்கு ஒருதரம் சுளித்தால் அவ்வளவும் முடிந்தது.

போன பங்குனியில் டீச்சர் ஓய்வு பெற்றார். கனடாவில் இருந்து தங்கச்சி யசோதரா வந்து, பெரிதாகப் பார்ட்டி வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அவரை ஜமாலியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான்.

"தீம் ட்ரொப்பிக்கல்," என்றார் யசோதரா. "கப்கேக் அறுபது வேணும்."

"ட்ரொப்பிக்கல் எண்டா எப்பிடி அக்கா?" என்று நப்லா கேட்டாள்.

"தென்னை மரம், கிளி, அன்னாசி, கடல், மணல். அப்பிடி."

"அதுக்கு ஏன் தங்கச்சி கேக்?" என்றேன் நான். "ஓட்டோவில ஏறுங்கோ, உப்புவெளிக் கடற்கரையில கொண்டுபோய் இறக்கிவிடுறன். எல்லாம் அங்க கிடக்கு."

"கனடாவில எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம் அண்ணை."

"அங்க குளிரில கிடந்து கனவு காணுறீங்கள். நாங்கள் அதுக்குள்ள நிண்டு வேர்க்கிறம்."

யசோதரா போனைத் திறந்து படங்கள் காட்டினார். ஒன்றில் நெட்டைக் கால் கொக்கு ஒன்று உடம்பெல்லாம் றோசா நிறமாக நின்றது.

"இதுக்கு என்ன வருத்தம், இப்பிடிச் சிவந்துபோய் நிக்குது?" என்று கேட்டேன்.

நப்லா சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செய்யலாம் அக்கா. டீச்சருக்கு எண்டா முட்டை இல்லாமத்தான்."

"ஓம். அக்காதான் முதல் கடிப்பா. எல்லாரும் வீடியோ எடுப்பினம். அதுக்குப் பிறகுதான் மற்ற ஆக்களுக்கு."

பார்ட்டி வெள்ளிக்கிழமை பின்னேரம். ஜும்ஆத் தொழுகை நேரம் பள்ளிவாசல் வீதியில் ஓட்டோ போகாது என்பதால் அதற்கு முன்னமே பெட்டிகளை ஏற்றினோம். நப்லா பின் சீற்றில் இருந்து இரண்டு பெட்டியை மடியில் வைத்து, மற்றவற்றைக் கையால் அணைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து ஒருதரம் காட்டினாள். நீலக் கிரீம் கடல், பொரித்த தேங்காய்ப்பூ மணல், அதில் தென்னை மரங்கள், பச்சைக் கிளிகள், அந்த வருத்தக்காரக் கொக்கும். எல்லாம் நிமிர்ந்து நின்றன. எனக்கே ஒரு பகிடியும் வரவில்லை.

மைதானத்தடியில் மான் கூட்டம். இந்த ஊர் மான்களுக்கு வீதி ஒழுங்கு தெரியாது. ஒன்று நடு வீதிக்கு வந்து நின்று என்னைப் பார்த்தது. பிரேக்கைப் போட்டேன். பின்னால் பெட்டி சறுக்கிய சத்தம் கேட்டது.

"என்ன, போச்சுதோ?"

"இல்ல. ஒரு கிளிக்கு மூக்கு உடைஞ்சிட்டு."

"எறியாதீங்கோ, இங்க தாங்கோ."

மூக்கை வாங்கி வாய்க்குள் போட்டுவிட்டுத்தான் கேட்டேன். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை. முட்டை கிட்டை இல்லைத்தானே?"

"முட்டை எங்க? சீனி, ஜெலட்டின், நிறம். அவ்வளவுதான்."

"ஜெலட்டின் எண்டா?"

"அது விறைப்பா நிக்கிறதுக்கு. அது போடாட்டிக் கிளி படுத்துரும். கொழும்புச் சாமான். ஹலால் முத்திரை பாத்துத்தான் வாங்கின."

"முத்திரை குத்துறதுக்கு அதுக்குள்ள இறைச்சியோ கிடக்கு?"

பகிடியாகத்தான் கேட்டேன். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது… மாட்டு எலும்பில எடுக்கிற அண்ணன்."

நான் பெரிய சாமியார் இல்லை. வெள்ளியைத் தவிர்த்து மற்ற நாளில் நீந்துவது, நடப்பது, பறப்பது எல்லாம் தின்பேன். ஆனால் மாடு எங்கள் வீட்டு உலையில் ஏறியதில்லை, என் வாய்க்கும் வந்ததில்லை. துப்புவோமா விழுங்குவோமா என்று யோசிப்பதற்குள் அந்த மூக்குக் கரைந்து தானே இறங்கிவிட்டது. பரவாயில்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை. நப்லா கண்ணாடிக்குள்ளால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருசமாக அவள் சாமான் வாங்கும்போது இரண்டே இரண்டு விசயம்தான் பார்ப்பாள். தங்கள் ஆட்களுக்கு ஹலால் முத்திரை. டீச்சரின் ஆட்களுக்கு முட்டை இல்லை. இரண்டும் சரி என்றால் பச்சைச் சீலைக்குள் வைப்பாள். டீச்சரின் கேக்குக்கு இதற்கு முன் நிற்கிற உருவம் எதுவும் செய்ததில்லை, கிரீமால் பூப் போட்டதோடு சரி. ஆகவே இந்த மூன்றாவது விசயம் வந்து நின்றதே இல்லை.

"தங்கச்சி," என்றேன், "கிளி கொக்கு எல்லாத்தையும் பிடுங்கி எறிவம். உடைஞ்சுபோச்சு எண்டு சொல்லுங்கோ. மான் குறுக்க வந்ததுக்கு நான் சாட்சி."

"கிரீமுக்குள்ள குத்தி நிக்கிது. ஊறியிருக்கும்."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியும்."

"நான் சொல்லுவனோ?"

ஜமாலியாவில் எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எங்கேயிருந்து மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அவளுக்கே என் மூலம்தான் தெரியும்.

"நீங்க சொல்லாட்டியும் அண்ணன்," என்றாள், "இப்ப உங்கட முகம் போன மாதிரி டீச்சர்ட முகம் போறத நான் பாத்துக்கொண்டு நிக்க ஏலா. அவக்குத் தெரியாம அவட வாய்க்குள்ள போனா, அதைவிடக் கூடாது. ஓட்டோவத் திருப்புங்க."

திருப்பினேன். அதற்குள் பள்ளிவாசல் பக்கம் சனம் சேர்ந்துவிட்டது. சந்துகளுக்குள்ளால் சுற்றிப் போனோம். வழியில் இருந்த ஒவ்வொரு குழிக்கும் அவள் "அல்லாஹ்" என்றாள். கிளிகளைப் பற்றி அவளுக்கு இப்போது கவலை இல்லை. கேக்கைக் காப்பாற்ற வேண்டும்.

வீட்டில் முனாஸ் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஜும்ஆவுக்குப் புறப்பட்டு நின்றான். போன பெட்டிகள் திரும்பி வருவதைப் பார்த்து, "என்ன?" என்றான்.

நப்லா சொன்னாள். அவன் கதவைப் பிடித்தபடி கேட்டான். பிறகு உள்ளே போய் நோன்புச் சாமான் இருக்கும் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தான்.

"கடற்பாசி கிடக்கு," என்றான். அதோடு பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். அவனுடைய அந்த வாரப் பேச்சுக் கணக்கு அதோடு முடிந்திருக்கும்.

நோன்பு திறக்கும் நேரம் இவர்கள் வீடுகளில் கடற்பாசி இல்லாமல் இருக்காது. கடலில் முளைக்கிற பாசிதான் அது. தண்ணீரில் காய்ச்சிச் சீனி போட்டு ஊற்றினால் வெயிலிலும் உருகாமல் இறுகும். நப்லா டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ கணக்குப் பண்ணினாள்.

"மேல் கிரீம வழிச்சா கேக்கில ஒட்டும். கேக்கோட சேத்து மேல்பகுதிய எடுக்கோணும்."

கத்தியை எடுத்தாள், வைத்தாள். கத்தியால் வெட்டினால் மேல் கிரீம் கீழ்க் கேக்குக்கு இழுபடும். தையல் பெட்டியில் இருந்து கடதாசி பிரிக்காத நூல் கட்டை ஒன்றை எடுத்து என்னிடம் தந்தாள்.

"முழ நீளத்துக்கு வெட்டுங்க. ஒரு கேக்குக்கு ஒரு நூல். பாவிச்ச நூல் திரும்ப வரக்கூடா. கைய முதல்ல கழுவுங்க, சவுக்காரம் போட்டு."

கேக்கின் இடுப்பில் நூலைச் சுற்றி இரண்டு பக்கமும் இழுத்தாள். கிளி, கடல், மணல் எல்லாம் ஒரு தொப்பி மாதிரிக் கழன்று வந்தது. கீழே சுத்தமான கேக். ஒன்று முடிய அடுத்தது. கழற்றிய தொப்பிகள் வாளிக்குள் போயின. கிளிகள் தலைகீழாகக் கிடந்து என்னைப் பார்த்தன. ஒன்றுக்கு மூக்கு இல்லை.

பாதியில் மின்சாரம் போய்விட்டது.

விசிறி நின்றது, குளிர்ப்பெட்டி நின்றது, கிரீம் அடிக்கிற மெசினும் நின்றது. பங்குனி வெயிலில் பட்டர் எண்ணெயாகப் போகத் தொடங்கியது. நப்லா பச்சைச் சீலைக்குள் இருந்து கை அடிப்பானை எடுத்தாள்.

"ஐஸ் வேணும். சட்டிக்குக் கீழ வைக்க."

"இந்தா, மீன் மார்க்கெட்டில பெட்டியாக் கிடக்கு…"

அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சரி சரி," என்றேன். "மீன் ஐஸ் இல்லை."

கூல்பார்கள் எல்லாம் ஜும்ஆவுக்குப் பூட்டிக் கிடந்தன. பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பை ஐஸ் கிடைத்தது. திரும்பி வந்தபோது அவள் முக்காட்டின் விளிம்பால் கண் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வேர்வைதானா என்று நான் கேட்கவில்லை. ஐஸ் கரைவதற்கும் கிரீம் திரள்வதற்கும் போட்டியாக இருந்தது. கை மாற்றி மாற்றி அடித்தாள். இறுகவில்லை, இறுகவில்லை என்று கிடந்து கடைசியில் அடிப்பானில் ஒட்டிக்கொண்டு நின்றது.

இதற்கிடையில் அவள் காய்ச்சித் தட்டில் ஊற்றிய கடற்பாசி நீலமாக இறுகியிருந்தது. அதை வெட்டிக் கடலாக வைத்தாள். அன்னாசியைச் சின்னதாக வெட்டிச் செருகினாள். கறுவாப்பட்டைக் குச்சி தென்னை மரமானது, பச்சைக் கடற்பாசிக் கீற்று ஓலையானது. கிளி இல்லை, கொக்கும் இல்லை.

"இப்ப ஆருக்கும் ஒண்டும் தெரியாது," என்றேன் ஓட்டோவில் ஏறும்போது. "எல்லாம் துப்புரவு. இனிச் சொல்லத் தேவையில்லைத்தானே?"

"மெல்லமாப் போங்க. மான் வரும்," என்றாள் நப்லா.

ஓர்ஸ் ஹில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் பூமாலைகள் தொங்கின. உண்மையான செவ்வரத்தை மதிலோரம் பூத்து நின்றதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் பட்டுச் சேலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மாலையோடு, தண்டனை கிடைத்த பிள்ளை மாதிரிக் கதிரையில் இருந்தார். யசோதரா பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"கிளி எங்க? என்ட கொக்கு எங்க?"

"சொல்லுறன் அக்கா. முதல்ல டீச்சரோட ஒருக்காக் கதைக்கோணும். உள்ளுக்கு."

குசினிக்குள் டீச்சரும் நப்லாவும். கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில். பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். என் கால் அப்படிப்பட்ட கால் இல்லை.

நப்லா தொடக்கத்திலிருந்து சொன்னாள். முடிந்த பிறகு டீச்சர் கேட்டார்.

"கேக் அடிச்ச சட்டி?"

"பச்சைச் சீலைக்குள்ள சட்டிதான் டீச்சர்."

"கிளியைக் குத்தின கிரீம்?"

"கேக்கின்ட மேல்பகுதியோட வெட்டி எறிஞ்சிட்டன்."

"வெட்டின கத்தி?"

"கத்தி இல்ல, நூல். ஒவ்வொண்டுக்கும் புது நூல். இந்த அண்ணன்தான் வெட்டித் தந்தவர்."

டீச்சர் என் கையைப் பார்த்தார். நான் கையை விரித்துக் காட்டினேன்.

"நீர் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது. பிறகேன் சொன்னனீர்?"

நப்லா தலையைக் குனிந்தாள். "தவராசா அண்ணன் கிளிட மூக்கச் சாப்பிட்டுட்டார் டீச்சர். அவர்ட முகத்தப் பாத்தன்."

"இவர் சாப்பிட்டவரோ? அப்ப இண்டைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை டீச்சர்," என்றேன். நேரம் கிடைக்கவில்லை என்பதை நான் சேர்க்கவில்லை.

டீச்சர் ஒரு கேக்கை எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நப்லாவின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே முற்றத்துக்கு நடந்தார்.

நப்லா நின்ற இடத்தில் நின்றாள். ஒன்றும் சொல்லாமல் போவது என்றால் அந்த மனுசியிடம் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதல் நாள் சட்டியை மணந்துவிட்டுப் போனதும் அப்படித்தான்.

வெளியே போன்கள் எல்லாம் உயர்ந்தன. யசோதரா "அக்கா, இஞ்ச பாத்துக் கடியுங்கோ," என்றார். டீச்சர் கடிக்கவில்லை. வகுப்பில் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"இதைச் செய்த பிள்ளை காலமை ஒரு பிழை விட்டுட்டுது. மேல வைச்ச கிளியில மாட்டுச் சாமான் கலந்துபோச்சு. கண்டவுடன எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுபோட்டு, திரும்பச் செய்து, வந்து எனக்குச் சொன்னது. அடிக் கேக் முதல் செய்ததுதான். மரக்கறி ஆக்கள் யோசிச்சு எடுங்கோ. வேண்டாமெண்டா வடை கிடக்கு."

யசோதராவின் போன் கீழே இறங்கியது. முன் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற அதிபர் பாக்கியரத்தினம் கையில் இருந்த வெறும் தட்டைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

"நான் எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டு டீச்சர் கடித்தார். மென்றார். கடற்பாசிக் கடலில் பாதியும் ஓலையும் போயின. விழுங்கினார். மிச்சத்தையும் அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தார்.

பிள்ளைகள் முதலில் ஓடி வந்தார்கள். பிறகு சில பெண்கள் வந்தார்கள். பாக்கியரத்தினம் ஐயா கடைசிவரை தேத்தண்ணியோடு இருந்துகொண்டார். அவரோடு ஒரு வரிசையே இருந்தது. இரண்டு பெட்டி கேக் தொடாமல் திரும்பி வந்தது. வாற கிழமை பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லியிருந்த ஒரு அம்மா, பிறகு அறிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் இன்றுவரை அறிவிக்கவில்லை.

எனக்கும் நட்டம்தான். காலையில் இருந்து ஒரு கதையை நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அதை அந்த மனுசி ஒரு நிமிசத்தில் ஊருக்கே கொடுத்துவிட்டார். அடுத்த நாள் ஓட்டோ ஸ்ராண்டில் நான் வாய் திறக்கும் முன்னமே மற்ற ஓட்டோக்காரர் எனக்குச் சொல்லத் தொடங்கினார்கள். அதுவும் பிழை பிழையாக.

திங்கட்கிழமை டீச்சர் எனக்குப் போன் அடித்தார். ஜமாலியாவுக்குப் போக வேண்டும் என்றார். நப்லா படலையடியில் எங்களைக் கண்டதும் கையை முக்காட்டில் துடைத்தாள். டீச்சர் நேரே குசினிக்குள் போய்ப் பச்சைச் சீலையை விலக்கினார். சட்டியை மணந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறப் போத்தல், பட்டர், மா என்று எல்லாப் பைகளிலும் இருந்த பொடி எழுத்துகளை வாசித்தார். ஜெலட்டின் பை வேறு அலுமாரிக்குப் போயிருந்தது. அதையும் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"யசோதரா வாற ஞாயிறு கனடா போறா," என்றார் டீச்சர். "கிளி இல்லையெண்டு அவளுக்கு ஒரே கவலை. ஒரு பன்னிரண்டு செய்யும். கிளியோட."

"ஜெலட்டின் இல்லாமக் கிளி நிக்காது டீச்சர்," என்றாள் நப்லா. "கடற்பாசியில செய்தா நிமிராது, படுத்துரும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.

"படுத்திருக்கட்டும்," என்றார்.